இருப்பது ஒரே பாத்ரூம், அதுவும் நாலுக்கு ஆறு: வீட்டில் இருந்துகொண்டே புதுப்பிப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குளியலும் கழிவறையும் நாலடிக்கு ஆறடி இடத்துக்குள் அடங்கிவிடும். வேறு கழிவறை இல்லாத வீட்டில் அதை உடைத்துக் கட்ட வேண்டுமானால் வேலையின் வரிசைதான் முக்கியம். முதல் நாளே தரையைப் பெயர்த்துவிட்டால் சுவர் வேலை முடியும்வரை எல்லோருக்கும் அவதி. சுவரை முதலில் முடித்துத் தரையைக் கடைசியில் தொட்டால், கழிவறை பத்துப் பன்னிரண்டு நாள் மட்டும் மூடியிருக்கும். அந்த நாட்களுக்குப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குளிக்கக் கொல்லையில் தகரத் தட்டி போதும்.

உடைக்கும் முன் வாங்க வேண்டியவை

சுவரில் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால், கதவு போக சுமார் 122 சதுர அடி. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 135 வாங்குங்கள். 12க்கு 18 அங்குல டைல்ஸாக 90 வரும். தரைக்கு வழுக்காத ஓரடி டைல்ஸ் 27. ஒட்டும் பசை 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டைக்கு 45 முதல் 50 சதுர அடி வரும். 4 மூட்டை தேவை. நீர்க்கசிவு தடுக்கும் இரு கலவைப் பூச்சு (பொடியும் திரவமும் கலந்து அடிப்பது) 12 கிலோ.

கறுப்பு டைல்ஸ் வேண்டாம். ஒகேனக்கல் குடிநீர் வருகிற வீட்டிலும் குளிக்கப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதன் உப்புக்கறை கறுப்பில் ஒரே மாதத்தில் வெள்ளையாகத் தெரியும். வாசற்படிக்கு மட்டும் சாம்பல் நிற கிரானைட் துண்டு ஒன்றை உள்ளூர்ப் பட்டறையில் அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குளோசெட் வாங்கும்போது ஏமாறுவது பின்சுவர் அளவில்தான். கழிவுக் குழாயின் நடுவிலிருந்து பின்சுவர் வரை பொதுவாக 9 அல்லது 12 அங்குலம். ஆனால் புதுப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். வெறும் சுவரில் 9 அளந்து வாங்கினால், டைல்ஸ் ஒட்டிய பிறகு குளோசெட் உட்காராது. டைல்ஸ் முகத்திலிருந்து கணக்கிடுங்கள். பக்கச் சுவரிலிருந்து குளோசெட் நடு 15 அங்குலமாவது தள்ளியிருக்கட்டும்.

சுவர்

பழைய பூச்சைக் கொத்தி எடுக்கும் முன், குளோசெட்டை மூடி, நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் வடியும் கிண்ணம்) வாயில் சாக்கை அடைத்துவிடுங்கள். ஒரு கை ஜல்லி உள்ளே போனாலும் பிறகு தரையை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.

சுவருக்குள் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் பதித்ததும் பூசிவிடக் கூடாது. முனைகளை அடைத்து அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்த பிறகே பூச்சு. வாளிக் குழாய் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கட்டும். கீசருக்குத் தனி 16 ஆம்பியர் இணைப்பும் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். குளிக்கும் மூலையில் 6 அடி உயரம் வரை நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு அடித்துக் காய்ந்த பிறகு, தரையை ஒட்டிய கீழ் வரிசையை விட்டுவிட்டு, இரண்டாம் வரிசையிலிருந்து டைல்ஸ் ஒட்டுங்கள். பசையைப் பல் கரண்டியால் முழுக்க இழுக்க வேண்டும். நடுவில் மட்டும் கலவை வைத்து ஒட்டினால் மூலைகள் வெற்றாக நிற்கும். தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

தரை

எல்லாத் தவறும் வெளிப்படுவது இங்கேதான். உளியால் நிதானமாக உடையுங்கள். பெரிய மெஷினின் அதிர்வில் புதுச் சுவர் டைல்ஸ் விடும். ட்ராப் குளிக்கும் மூலையில் இருக்கட்டும். அதற்குள் 50 மி.மீ. தண்ணீர் நிற்கவில்லை என்றால் நாற்றம் மேலே வரும்.

தரையின் வாட்டம் (சரிவு) ஆறடிக்கு ஓர் அங்குலம். ஆறடி மட்டப்பலகையின் ட்ராப் பக்க முனைக்கடியில் ஓர் அங்குலக் கட்டையை வைத்து, மேலே ரசமட்டம் வையுங்கள். குமிழ் நடுவில் நின்றால் வாட்டம் சரி. வாட்டத்தை அடிக் கலவையிலேயே கொடுத்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டும்போது பசையால் சரிக்கட்டினால் தண்ணீர் தேங்கும்.

மூன்று நாள் தண்ணீர் தெளித்த பிறகு, சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டிவிட்டு, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சை இரண்டு கை அடியுங்கள். முதல் கை நீளவாக்கில், நாலைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது குறுக்கே. சுவரில் ஓரடி ஏற்றி, ஏற்கெனவே அடித்த பூச்சின் மேல் படியவிட வேண்டும். நன்றாகக் காயட்டும்.

அடுத்து ட்ராப்பை அடைத்து, வாசலில் வரப்புக் கட்டி, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். கொஞ்சம் ஆவியாகும், அரை அங்குலம் இறங்கினால் முதலில் ட்ராப் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு தரை டைல்ஸ், அதன் மேல் சுவரின் கீழ் வரிசை, கடைசியாக குளோசெட். தரை மட்டம் வெளி அறையைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கலவையில் (குரௌட்) எப்பாக்ஸி வகை விலை அதிகம்தான். உப்புத் தண்ணீருக்கு அதுவே தாங்கும். கறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். சிமெண்ட் குரௌட்டை அது அரித்துவிடும், குழாயின் பளபளப்பும் போய்விடும். வினிகரைப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் குழாய் வாயில் படிந்த உப்பு இளகிவிடும். அதையும் குரௌட் மேல் நிற்கவிடாமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.