வீட்டை வரையும் முன் தண்ணீரை வரையுங்கள்: புதுக் குடியிருப்புக்கான நிலவடிவமைப்பு, முதல்முறை செய்பவர்களுக்கு

செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி, மரம் செடிகளுக்கு நடுவே ஒரு குடியிருப்பு அமைத்துக்கொள்வதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். நண்பர்கள் லேஅவுட்டைக் கொண்டுவந்து காட்டும்போது அதில் நான் தேடுவது ஒன்றைத்தான். மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது, எங்கே நிற்கிறது, எப்படி வெளியே போகிறது? பெரும்பாலான படங்களில் அது இருக்காது. மனைகள் கட்டம் கட்டமாக இருக்கும், சாலை இருக்கும், மிச்சம் விழுந்த ஒரு மூலையில் பச்சை அடித்துப் 'பூங்கா' என்று எழுதியிருக்கும்.

நான் முன்பு குடியிருந்த இடம் அப்படிப் போட்ட லேஅவுட்தான். குடிபோன வருடம் ஐப்பசி மழையில் நடு வரிசை வீடுகளுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வாய்க்கா மேல வீட்டக் கட்டிட்டு தண்ணி வருதுன்னா எப்படிப்பா?" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணக்குக்கு வசதியாக ஐந்து ஏக்கர் நிலம், 25 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: காகிதத்தில் வாய்க்காலைத் தேடுங்கள்

பட்டா, சிட்டா எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கூடவே புலப்படத்தையும் எடுங்கள். சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடம் அது, எஃப்எம்பி என்பார்கள். அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள எண்களுக்கும் எடுத்து, ஒட்டவைத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் அப்போதுதான் தொடர்ச்சியாகத் தெரியும். செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். மேலே ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி, நடுவே உங்கள் நிலம் என்றால், ஒன்றின் உபரி மற்றொன்றுக்குப் போகும் வழியில் நீங்கள் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஊருக்குள் போய்ப் பேசுங்கள். அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர், பக்கத்தில் நாற்று விட்டவர் யாராவது இருப்பார்கள். "பெருமழையில் எது வரைக்கும் தண்ணீர் நின்றது?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

இரண்டாம் படி: மட்டம் பாருங்கள்

இதற்குச் சர்வேயர் வரும் முன்பே நீங்களே ஒரு முறை இறங்கிச் செய்வது நல்லது, நிலம் கைக்குப் பிடிபடும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் அளவு குறித்த இரண்டு குச்சிகளில் கட்டுங்கள். தரையில் ஒரு முளைக்குச்சி அடித்து, ஒருவர் அங்கே நிற்கட்டும். இன்னொருவர் குழாய் எட்டும் தூரம் நடந்துபோய், இரண்டு குச்சியிலும் தண்ணீர் ஒரே எண்ணில் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். அந்த இடம் முதல் முளையோடு சமமட்டம். அங்கே ஒரு முளை அடியுங்கள். இப்படியே போய் முளைகளைச் சுண்ணாம்புக் கோட்டால் இணைத்தால் வளைந்து நெளிந்து ஒரு கோடு வரும். அதுதான் சமமட்டக் கோடு. ஐந்து ஏக்கருக்கு இப்படி நான்கைந்து கோடுகள் கிடைத்தால் நிலத்தின் மேடு பள்ளம் கண்முன் நின்றுவிடும்.

அதே நாளில் மண்ணையும் சோதித்துவிடுங்கள். மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று ஓரடிக்கு ஓரடி குழி வெட்டி, ஒரு முறை தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுபடி நிரப்பி மணி பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அது களிமண். அங்கே உறிஞ்சு குழி வெட்டுவது வீண் செலவு. குட்டைக்கு அதுவே நல்ல இடம்.

மூன்றாம் படி: தண்ணீர்க் கணக்கு

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மீதி எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,200 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது நம் பக்கம் அபூர்வமல்ல. அன்றைக்கு உங்கள் நிலத்தில் மட்டும் 20 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் 160 லோடுக்கு மேல். கோடையில் காசு கொடுத்து வாங்கும் அதே தண்ணீர்தான்.

பாதி மண்ணில் இறங்கும், பாதி ஓடும் என்று வைத்தால் 10 லட்சம் லிட்டருக்கு இடம் வேண்டும். 28 மீட்டர் சதுரமாக, நடுவில் எட்டு அடி ஆழமாக, கரை மூன்றுக்கு ஒன்று சரிவாக (மூன்றடி உள்ளே போனால் ஓரடி ஆழம்) ஒரு குட்டை வெட்டினால் ஏறக்குறைய 11 லட்சம் லிட்டர் பிடிக்கும். இடம் இருபது சென்ட்தான். இருபது சென்ட்டை விற்றால் என்ன வரும் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

குட்டை மட்டும் போதாது. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழை உங்கள் ஐந்து ஏக்கரில் பெய்தால் ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர். எந்தக் குட்டையும் அதைத் தாங்காது. ஏரி கட்டியவர்களுக்கு இது தெரியும், அதனால்தான் ஒவ்வொரு ஏரிக்கும் உபரித் தண்ணீர் வழிந்தோடக் கலங்கல் வைத்தார்கள். உங்கள் குட்டைக்கும் கல் பாவிய, அகலமான ஒரு கலங்கல் வேண்டும். அது ஊர் வாய்க்காலில் போய்ச் சேர வேண்டும், பக்கத்து வயலில் அல்ல. வீடுகளின் தரைமட்டம் கலங்கல் மட்டத்தைவிடக் குறைந்தது மூன்று அடி உயரம் இருக்கட்டும்.

குட்டைக்கு மேலே, சமமட்டக் கோடுகள் நெடுக, இரண்டடி அகலம் ஓரடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, மண்ணைப் பள்ளத்தின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். ஓடிவரும் தண்ணீர் ஒவ்வொரு வரப்பிலும் நின்று ஊறிவிட்டு, மிச்சம்தான் குட்டைக்கு வரும். 1968இல் புதுச்சேரி அருகே ஆரோவில் குடியிருப்பு தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடந்தது. அங்கேயும் வரப்புப் போட்டு மண்ணையும் தண்ணீரையும் பிடித்து நிறுத்தியதால்தான் நட்ட கன்றுகள் காடாயின.

பூமிக்கு அடியில் குழாய் புதைத்தால்தான் வடிகால் என்று பொறியாளர் சொல்வார். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 'வில்லேஜ் ஹோம்ஸ்' என்ற குடியிருப்பை அவருக்கு எடுத்துக் காட்டுங்கள். மைக்கேல் கார்பெட்டும் ஜூடி கார்பெட்டும் 1970களில் சுமார் 70 ஏக்கரில் அமைத்தது. மழைத்தண்ணீரைக் குழாயில் விடாமல், வீடுகளுக்கு நடுவே புல்லும் செடியும் வளர்ந்த பள்ள வாய்க்கால்களிலேயே ஓடவிட்டார்கள். வீடுகள் இந்தப் பொதுப் பசுமையைப் பார்த்து நிற்கின்றன, கார் சாலை பின்பக்கம். இன்றும் மக்கள் விரும்பிக் குடியிருக்கும் இடம் அது.

நான்காம் படி: இருக்கும் மரமும் மேல்மண்ணும்

ஜேசிபி உள்ளே வருவதற்கு முன், காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு மரத்திலும் சிவப்புத் துணி கட்டுங்கள். பனை, வேம்பு, இலுப்பை, நாவல், விளா எதுவாக இருந்தாலும் சரி. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் விழும் வட்டத்தைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டி, அதற்குள் வண்டி போகாமலும் மணல், ஜல்லி கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் நசுங்கினால் மரம் உடனே சாகாது, இரண்டு மூன்று வருடம் கழித்துக் காயும். அப்போது காரணமே தெரியாது.

வீடும் சாலையும் வரும் இடத்தில் மேலே அரை அடி மண்ணை வழித்துத் தனியாகக் குவித்து வையுங்கள். விதையும் உயிரும் உள்ள மண் அது. அதை அடித்தளத்துக்குள் போட்டு மூடிவிட்டுப் பிறகு லாரியில் செம்மண் வாங்கிக் கொட்டும் இடங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுத்துவிடலாம். ஒரேயடியாக அல்ல, பகுதி பகுதியாக, எடுத்த இடத்தில் உடனே கன்று நட்டுக்கொண்டே.

ஐந்தாம் படி: இப்போது சாலை, வீடு

தண்ணீரும் மரமும் போக மிஞ்சிய மேட்டு இடம்தான் வீடுகளுக்கு. வீடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தால் சாலை நீளம் குறையும், திறந்த வெளி ஒரே துண்டாகக் கிடைக்கும். வண்டி குடியிருப்பின் ஓரத்தோடு நின்றுவிடட்டும். உள்ளே நடைபாதை, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்துபோக ஓர் இறுக்கமான மண் வழி. பேவர் பிளாக் போட்டே ஆக வேண்டுமென்றால் சிமென்ட் பூசாமல் மணலில் பதியுங்கள்.

விதிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். சாலைக்கு ஒரு ஏக்கர் போனால் இது 40 சென்ட். எப்படியும் கொடுக்கப்போகும் இடம்தானே என்று மோசமான மூலையைத் தள்ளிவிடாமல், உங்கள் குட்டையின் கரையை ஒட்டிக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்து அறுபது சென்ட் பசுமை ஆகும், ஊர்ப் பிள்ளைகளும் வந்து விளையாடுவார்கள்.

ஆறாம் படி: எதை நடுவது

நர்சரிக்குப் போவதற்கு முன் ஒரு கோயில்காட்டுக்குப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு நம் கரையோரத்தின் பழைய காடு எப்படி இருந்தது என்று காட்டும். சென்னைக்குள் என்றால் அடையாறு பூங்கா: 58 ஏக்கர், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகம் மீட்கப்பட்டு 2011இல் திறக்கப்பட்டது.

மேட்டில் உலக்கைப்பாலை, வீரை, காயா, வெப்பாலை, சரக்கொன்றை. இவை மெதுவாக வளரும், ஆனால் காற்றுக்கு நிற்கும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்த குல்மோகர்களையும் பெருங்கொன்றைகளையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வரப்பு நெடுக புங்கம், பூவரசு, நொச்சி. குட்டைக் கரையில் நீர்மருது, நாவல். தண்ணீர் விளிம்பில் வெட்டிவேர், கோரை. வீட்டின் மேற்குச் சுவருக்கு நிழல் தர வேம்பு, ஆனால் 15 அடி தள்ளி. வேலிக்குக் கம்பியை விடக் கிளுவை நல்லது. கொங்கு நாட்டில் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, ஊன்றித்தான் வேலி எடுத்திருக்கிறார்கள்.

சீக்கிரம் பச்சையாகும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். குஜராத்தில் 2023இல் தடை செய்தார்கள், தமிழ்நாட்டிலும் தடை வந்துவிட்டது.

புல்வெளிக்குப் பதில் அருகம்புல்லும் பொடுதலையும். பொடுதலை தரையோடு படரும், மிதித்தால் தாங்கும், அதன் சின்னப் பூக்களுக்கு வண்ணத்துப்பூச்சி வரும். கறிவேப்பிலை, எருக்கு, ஆவாரை இருந்தால் வண்ணத்துப்பூச்சிகள் அவற்றில் முட்டையிடவும் செய்யும். கறிவேப்பிலையைப் புழு தின்கிறது என்று மருந்து அடித்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: வீட்டுத் தண்ணீரும் வெளிச்சமும்

குளியல், துணி துவைத்த தண்ணீரை ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட பாத்திகள் வழியாக விட்டு வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். குட்டைக்கு விட வேண்டாம்.

விளக்குகள் இடுப்புயரத்துக்கு மேல் வேண்டாம், வெளிச்சம் தரையைப் பார்த்து, மஞ்சளாக இருக்கட்டும். மின்மினி வெள்ளை வெளிச்சத்தில் தங்காது.

பாம்பு பயம் நியாயமானது. அதற்காகச் செடிகளை எல்லாம் வெட்டுவது தீர்வாகாது. வீட்டைச் சுற்றி ஆறடிக்குத் தரையைச் சுத்தமாக வையுங்கள், செங்கல் குவியலும் எலியும் இல்லாமல் பாருங்கள். அடர்ந்த நடவு அந்த ஆறடிக்கு அப்பால் தொடங்கட்டும். குட்டையில் கரையிலிருந்து ஆறடிக்கு முழங்கால் ஆழப் படி ஒன்று விட்டால் தவறி விழும் குழந்தை நிற்க இடமிருக்கும். கொசுவைச் சிறு நாட்டு மீன்களும் தட்டான் புழுக்களும் பார்த்துக்கொள்ளும்.

எட்டாம் படி: நடவும் மூன்று கோடையும்

ஆடியில் குழி எடுத்து ஆறவிடுங்கள், இரண்டடிக்கு இரண்டடி போதும். சேர்த்து வைத்த மேல்மண்ணோடு மட்கிய எரு கலந்து, புரட்டாசி கடைசி அல்லது ஐப்பசி முதல் மழையில் நடுங்கள். ஆளுயரக் கன்று வேண்டாம், இரண்டடிக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும். சுற்றிலும் சருகு மூடாக்குப் போடுங்கள். விழும் இலையைக் கூட்டி எரிக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, இரண்டாவது கோடையில் வாரம் ஒரு முறை தண்ணீர். மூன்றாவது கோடையில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். வாடி நிற்கும் கன்று அந்த இடத்துக்கு உரியதல்ல. அதை எடுத்துவிட்டு, பக்கத்தில் எது தானாகத் தழைத்து நிற்கிறதோ அதன் விதையைப் பொறுக்கி அந்தக் குழியில் போடுங்கள்.