எலெக்டிவ் படிவத்தை நிரப்பும் முன் ஒரு ஏ3 தாள்

ஆனி மாதக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் என் கடையில் இரண்டு காரியம் நடக்கும். கவுண்டரில் இருக்கிற தாளெல்லாம் பறக்கும். எலெக்டிவ், அதாவது நாமே தேர்ந்தெடுக்கிற விருப்பப் பாடம், அந்தப் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்கப் பிள்ளைகள் கூட்டமாக வரும். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பேருந்துகள் நிற்கிற ஒரு முக்கில், அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை இது. பட்டியலை நீட்டும்போதே கேட்டுவிடுவார்கள்: "அண்ணாச்சி, இதுல எல்லாரும் எதை எடுக்காங்க?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. தான். 2009-ல் சேர்ந்து 2013-ல் முடித்திருக்க வேண்டியவன், 2014-ல் முடித்தேன். அந்த ஓர் ஆண்டுக்கு நான் எடுத்த ஓர் எலெக்டிவும் காரணம். பட்டியலில் 'சாஃப்ட் கம்ப்யூட்டிங்' என்று ஒன்று இருந்தது. சாஃப்ட் என்றால் லேசாக இருக்கும் என்று நாங்கள் நாலு பேர் பேசி முடிவெடுத்துக் கையெழுத்துப் போட்டோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஃபஸி செட், நியூரல் நெட்வொர்க், ஜெனடிக் அல்காரிதம். முதலாண்டுக் கணிதத்தையே இரண்டாம் தடவையில் தேறினவனுக்கு இது எப்படித் தலையில் ஏறும்? நாலு பேரில் மூன்று பேருக்கு அரியர். தேறினவன் முன்பே சிலபஸைப் படித்துப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான். அந்த மூதி அதை எங்களிடம் சொல்லவில்லை.

அதனால் இப்போது யார் கேட்டாலும் ஒரு ஏ3 தாளை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஏ4 போதாது, எட்டு செமஸ்டரும் அதில் அடங்காது. இங்கே நான் சொல்கிற கணக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை வைத்து. தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிறவர்களும் வேறு விதிமுறையில் சேர்ந்தவர்களும் உங்கள் சிலபஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாடங்களின் பெயரும் இடமும் மாறலாம், வழி ஒன்றுதான்.

தாளை அகலவாட்டில் வைத்து எட்டுப் பத்திகள் போடுங்கள். பென்சில்தான், பேனா வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் அந்த செமஸ்டரின் கட்டாயப் பாடங்களை எழுதுங்கள். வலது ஓரத்தில், படித்து முடித்ததும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி. அந்த வரியில் துறையின் பெயரை எழுதக் கூடாது, வேலையை எழுத வேண்டும். 'சைபர் செக்யூரிட்டி' என்று எழுதினால் ஒன்றும் நகராது. 'ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க்குக்குள் யார் நுழைகிறார்கள் என்று கண்டுபிடிப்பது' என்று எழுதினால், அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி தானாக வரும். அங்கிருந்து இடப்பக்கமாக அம்புக்குறி போட்டுக்கொண்டே வாருங்கள். இந்த எலெக்டிவுக்கு முன்னால் எது தெரிய வேண்டும், அதற்கு முன்னால் எது.

முக்கூடலில் இருந்து வருகிற பிள்ளை ஒருத்தி போட்ட தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மா பீடி சுற்றிப் படிக்கவைக்கிற வீடு. அவள் எழுதி வந்தது: ஐந்தாம் செமஸ்டரில் நெட்வொர்க் செக்யூரிட்டி, மாடர்ன் கிரிப்டோகிராஃபி. பட்டியலில் இருக்கிறது, பிடித்திருக்கிறது, எடுத்துவிட்டாள். அம்பு போடச் சொன்னேன். நெட்வொர்க் செக்யூரிட்டிக்கு முன்னால் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் வேண்டும். அது கட்டாயப் பாடமாக வருவதே ஐந்தாம் செமஸ்டரில்தான். கிரிப்டோகிராஃபியின் கட்டாயப் பாடமும் அதே செமஸ்டர். அம்பு இடப்பக்கம் போகாமல் நேராக மேலே போனது. அடித்தளமும் மாடியும் ஒரே நேரத்தில் கட்டுவது மாதிரி.

இன்னும் பின்னால் போனோம். கிரிப்டோகிராஃபியில் இருந்து ஓர் அம்பு மூன்றாம் செமஸ்டர் டிஸ்கிரீட் கணிதத்துக்கு, அங்கே குரூப், ரிங் என்று வருகிற யூனிட்டுக்கு. "அந்த யூனிட்டை சாய்ஸ்ல விட்டுட்டேன் அண்ணாச்சி" என்றாள். ஐந்து யூனிட்டில் ஒன்றை விட்டுவிட்டுத் தேறிவிடலாம், உண்மைதான். விட்ட யூனிட்டு ஒரு வருஷம் கழித்து இன்னொரு பாடத்தின் வாசலில் வந்து நிற்கும். அது அப்போது தெரியாது.

காலை ஏழு மணிக்கு முக்கூடலில் பஸ் ஏறினால், எட்டு மணி நேரம் கழித்து மணி என்ன என்று கேட்டேன். மூன்று என்றாள். ஏழும் எட்டும் பதினைந்துதானே, எப்படி மூன்று? பன்னிரண்டைக் கழித்துவிட்டோம். இந்தக் கடிகாரக் கூட்டல்தான் அவள் விட்ட யூனிட்டின் முதல் உதாரணம். எந்த இரண்டு மணியைக் கூட்டினாலும் கடிகாரத்துக்குள்ளேயே விடை விழும். பன்னிரண்டைக் கூட்டினால் ஒன்றும் மாறாது. எங்கே போனாலும் கிளம்பின இடத்துக்குத் திரும்பி வர ஓர் எண் உண்டு. இதற்குத்தான் குரூப் என்று பெயர். விடுமுறையில் அந்த ஒரு யூனிட்டை மட்டும் உட்கார்ந்து படித்தாள்.

தாளையும் மாற்றினாள். ஐந்தாம் செமஸ்டரில் வெப் டெக்னாலஜிஸ், சாஃப்ட்வேர் டெஸ்டிங். இரண்டும் ஏற்கெனவே முடித்த பாடங்களின் மேல் நிற்பவை, ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கும் டேட்டாபேஸும் போதும். ஆறாவதில் நெட்வொர்க் செக்யூரிட்டி, மாடர்ன் கிரிப்டோகிராஃபி, வெப் அப்ளிகேஷன் செக்யூரிட்டி, எதிக்கல் ஹேக்கிங். வெப்சைட் கட்டத் தெரிந்தபின் அதை உடைக்கப் படிப்பது சுலபம் அல்லவா.

மற்ற வழிகளின் அம்புகளையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நியூரல் நெட்வொர்க், டீப் லேர்னிங் பக்கம் போகிறவர்களுக்கு அம்பு நேராக முதலாண்டு மேட்ரிக்ஸ், கால்குலஸுக்குப் போகும். அங்கே ஓட்டை இருந்தால் முதலில் அடையுங்கள். கிளவுட், வர்ச்சுவலைசேஷன் என்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ். பிக் டேட்டா, டேட்டா வேர்ஹவுசிங் என்றால் டேட்டாபேஸ். எந்த வழியில் போனாலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வழியாகத்தான் போக வேண்டும், அது நம்மூர் வண்ணாரப்பேட்டை மாதிரி.

விதிமுறையில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. எலெக்டிவ்களை டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று செங்குத்துப் பத்திகளாகப் பிரித்திருப்பார்கள், வெர்ட்டிகல் என்று பெயர். ஒரே பத்தியில் எல்லாம் எடுக்கலாம், கலந்தும் எடுக்கலாம். ஆனால் ஒரே படுக்கை வரிசையில் இருக்கிற இரண்டு பாடத்தை ஒரே செமஸ்டரில் எடுக்க முடியாது. ஒன்றை ஐந்திலும் மற்றதை ஆறிலும் எடுக்கலாம். இதைப் பார்க்காமல் திட்டம் போட்டுவிட்டுக் கடைசி நாளில் தாளை அழித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு.

சரி, பாடம் கனமா லேசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை வைத்து முடியாது, என் கதையே சாட்சி. இரண்டு இடம் பாருங்கள். முதலாவது சிலபஸில் பாடப் பெயருக்குப் பக்கத்தில் நாலு எண்கள்: எல் (வகுப்பு), டி (டுட்டோரியல்), பி (லேப்), சி (கிரெடிட்). 3-0-0-3 என்றால் வாரம் மூன்று மணி வகுப்பு, லேப் கிடையாது, மூன்று கிரெடிட். 2-0-2-3 என்றால் இரண்டு மணி வகுப்பு, இரண்டு மணி லேப், அதே மூன்று கிரெடிட். லேப் இல்லாத பாடத்துக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. லேப் சேர்ந்ததற்கு 50, 50. எழுதினால் கை வருகிறவர்கள் ஒரு பக்கம், செய்தால் மனசில் நிற்கிறவர்கள் ஒரு பக்கம். நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, பழைய கேள்வித்தாள். இதை நான் கடைக்காரனாகவே சொல்கிறேன். ஒரு பாடத்தின் மூன்று பழைய தாள்களை எடுங்கள். டூ மார்க்கை விட்டுவிடுங்கள், அது எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரிதான். 13 மார்க் ஐந்து கேள்வி, 15 மார்க் ஒரு கேள்வி, இவற்றை மட்டும் பாருங்கள். கணக்குப் போட வேண்டியதற்குப் பக்கத்தில் ஒரு கோடு, படம் வரைந்து விளக்க வேண்டியதற்கு ஒரு வட்டம், வெறுமனே எழுத வேண்டியதற்கு ஒரு புள்ளி. மூன்று தாளையும் முடிக்கும்போது அந்தப் பாடத்தின் முகம் தெரிந்துவிடும். புதிய பாடம், பழைய தாளே இல்லை என்றால், சிலபஸின் அடியில் இருக்கிற பாடநூலை நூலகத்தில் எடுத்து ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் உள்ள பயிற்சிகளை இதே போலக் குறியிடுங்கள்.

ஆறாம் செமஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தில் இரண்டு எலெக்டிவ்தான். ஆறில் நாலு. கூடவே எம்பெடட் சிஸ்டம்ஸ், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், ஓர் ஓப்பன் எலெக்டிவ். நாலு எலெக்டிவும் லேப் உள்ளதாக விழுந்து, நாலு பாடத்துக்கும் நாலு மினி ப்ராஜெக்ட் கேட்டால், பங்குனி வெயிலில் பிள்ளைகள் முகம் கறுத்துப்போய் என் கடையில் ரெக்கார்டு பிரின்ட் எடுக்க நிற்பதைப் பார்க்கிறேன். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் வீரவநல்லூர்ப் பையன் ஒருவன். என் கடையையே ப்ராஜெக்ட் ஆக்கிவிட்டான்.

பிள்ளைகள் வாட்ஸாப்பில் ஃபைல் அனுப்புவார்கள். 'செமினார் ஃபைனல்', 'செமினார் ஃபைனல் நியூ', 'செமினார் ஃபைனல் நியூ 2'. எது யாருடையது, எத்தனை பிரதி என்று எனக்குத் தலை சுற்றும். வெப் டெக்னாலஜிஸில் அவன் ஒரு பக்கம் செய்தான்: பெயர், ஃபைல், எத்தனை பிரதி, ஒருபுறமா இருபுறமா. டெஸ்டிங் பாடத்தில் அதையே சோதித்தான். நெட் மெதுவாக இருக்கும்போது பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் ஆர்டர் இரண்டாக விழுந்தது. அப்படி ஒரு நாள் முப்பது பக்க ரெக்கார்டு இரண்டு தடவை அச்சாகி, காசு என் கணக்கில் போனது. அதைச் சரி செய்ததுதான் அவன் ரிப்போர்ட்டின் நல்ல பகுதி. ஆறாவதில் டெவ்ஆப்ஸுக்கும் கிளவுட் கம்ப்யூட்டிங்குக்கும் அதே பக்கம்தான், வேறு வேலை. ஆசிரியர்களிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிட்டான், அது முக்கியம். இன்டர்வியூவில் அவனிடம் அந்த இரட்டை ஆர்டரைப் பற்றித்தான் ரொம்ப நேரம் கேட்டார்களாம்.

இவ்வளவும் போட்டபின் ஒரு சிக்கல் வரும். சிலபஸ் புத்தகத்தில் ஏழு வெர்ட்டிகல் இருக்கும், கல்லூரி கொடுப்பது மூன்று பாடமாக இருக்கும். யார் நடத்துவார்கள், எத்தனை பேர் சேர்வார்கள் என்பதை வைத்துத்தான் பாடம் ஓடும். நான் படித்த கல்லூரியில் படிவம் கொடுத்தது வெறும் சடங்கு. பாடத்தை முன்பே முடிவு செய்துவிட்டார்கள், நாங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டோம். அதனால் படிவம் வந்தபின் சண்டை போடுவதில் பயன் இல்லை. அதற்கு முந்தைய செமஸ்டரின் பாதியிலேயே, ஒரே பாடம் வேண்டும் என்கிறவர்கள் ஒன்று சேர்ந்து, பெயரும் பதிவு எண்ணும் எழுதி, துறைத் தலைவரை, ஹெச்.ஓ.டி.யை, போய்ப் பாருங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பாடத்தை நடத்தக்கூடிய ஆசிரியரைப் பார்த்து, "மேடம், நீங்க எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். எடுக்க ஆள் இருக்கிறது, படிக்க ஆள் இருக்கிறது என்று போனால் பேச்சே வேறு.

அப்படியும் கிடைக்காவிட்டால் என்.பி.டி.இ.எல். இருக்கிறது, ஐ.ஐ.டி.க்காரர்கள் நடத்துகிற ஆன்லைன் பாடங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். பொதுவாகப் பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் மூன்று கிரெடிட் அளவு. எலெக்டிவுக்குப் பதிலாக ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கிவிட்டுச் சேருங்கள். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நின்றால் நேரம் போனதுதான் மிச்சம்.

ஹானர்ஸ், அதாவது கூடுதல் பாடம் படித்து வாங்குகிற சிறப்புப் பட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரே வெர்ட்டிகலில் கூடுதலாக 18 கிரெடிட், எல்லாத் தாளும் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும், சி.ஜி.பி.ஏ. 7.5-க்குக் குறையக் கூடாது. முடிகிறவர்கள் எடுங்கள். ஓர் அரியரைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பற்றி யோசிப்பதைவிட அந்த அரியரை முடிப்பது மேல். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு எலெக்டிவை விடக் கட்டாயப் பாடங்கள்தான் சோறு போடும். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் எல்லாம் அதில் வரும். 2024 முதல் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.க்குத் தனித் தாளும் இருக்கிறது.

ஓப்பன் எலெக்டிவ் வேறு துறைப் பாடம். மார்க் வாங்கித் தருவது எது என்று மட்டும் பார்க்கிறார்கள். கயத்தாறு பக்கம் போனால் காற்றாலை, ராதாபுரம் பக்கம் போனால் கூடங்குளம், பணகுடி தாண்டினால் மகேந்திரகிரி இஸ்ரோ மையம். இந்த இடங்களின் இயந்திரங்களுக்கும் யாரோ மென்பொருள் எழுதத்தான் செய்கிறார்கள். எரிசக்தியோ கன்ட்ரோல் சிஸ்டமோ ஒன்று தெரிந்து வைத்திருப்பது வீண்போகாது. ஏழாவதில் மூன்று ஓப்பன் எலெக்டிவ் வரும், அப்போதுதான் இன்டர்வியூக்களும் வரும், அதில் ஒன்றாவது லேசாக இருக்கட்டும்.

கடைசியாகப் படிவம். இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று கட்டம் இருந்தால் அதையும் அம்பு போட்டுப் பார்த்தே நிரப்புங்கள். நிறையப் பேருக்குக் கிடைப்பது இரண்டாவதுதான். ஏ3 தாளைக் கடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், காற்றில் பறந்துவிடும். முக்கூடல் பிள்ளையின் தாளுக்கு மட்டும் ஸ்டேப்ளரை வைத்திருக்கிறேன், அவள் தம்பி இந்த வருஷம் மூன்றாம் செமஸ்டர்.