செஸ் எஞ்சின்ல (நம்மளோட செஸ் ஆடுற புரோகிராம்) பாண்டர் ஆப்ஷனை பாத்திருக்கீங்களா?

கோத்தகிரி பக்கம் மழைல கரண்ட் போனதும் லேப்டாப்ல செஸ் ஆட உக்கார்றவங்களுக்கு இது. நீங்க யோசிக்கும்போது எஞ்சின் சும்மா இருக்குன்னு நினைக்காதீங்க, பாண்டர் ஆன்ல இருந்தா நீங்க என்ன ஆடுவீங்கன்னு அதுவே ஒரு மூவை யூகிச்சு, அதை நீங்க ஆடிட்டதாவே வச்சுக்கிட்டு பதில் தேட ஆரம்பிச்சிடும். யூகம் சரியா இருந்தா அதுவரை தேடினது முழுக்க லாபம், சில சமயம் காயை வச்ச உடனே டக்குனு பதில் வர்றது இதனாலதான். தப்பா போனா புதுசா தேடணும், ஆனாலும் ஹாஷ் டேபிள்ல, அதாவது ஏற்கனவே அலசின நிலைகளை எஞ்சின் போட்டு வைக்கிற மெமரில, சேத்து வச்சது கொஞ்சம் கைகொடுக்கும்.

ஆனா சிபியூ ஓயவே ஓயாது, ஃபேன் கத்தும், பேட்டரி கடகடன்னு இறங்கும் (குளிருக்கு கை காய வைக்க வேணா நல்லாருக்கும்). அதனால கரண்ட் இல்லாதப்போ எஞ்சின் செட்டிங்ஸ்ல பாண்டர் டிக்கை எடுத்துடுங்க. ஸ்டாக்ஃபிஷ்ங்கிற எஞ்சின்ல டீஃபால்ட்டா ஆஃப்தான், இருந்தாலும் நீங்க ஆடுற ஆப் அதை ஆன் பண்ணி வச்சிருக்கலாம், ஒருதடவை செக் பண்ணுங்க. ரெண்டு எஞ்சினை ஒரே லேப்டாப்ல மோத விட்டாலும் ஆஃப்லயே இருக்கட்டும், இல்லன்னா ஒண்ணு யோசிக்கிற நேரத்துல இன்னொண்ணு சிபியூவை பங்கு போட்டுக்கும்.