பெயரில்லாத கிடாரா? உள்ளே பாருங்கள்

பழைய அமெரிக்க அக்கூஸ்டிக் கிடாரில் பெயரே இல்லையா? ஒலித்துளைக்குள் டார்ச் அடித்து, பின்பலகையின் உட்புறத்தை செல்போனில் படமெடுங்கள். மை மங்கியிருந்தால் படத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நடுவில் 'எச்' (H) என்ற எழுத்து, இருபுறமும் எண்கள் என்று முத்திரை இருந்தால் அது சிகாகோவின் ஹார்மனி தொழிற்சாலைச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். எச்சுக்குப் பின்னுள்ளது மாடல் எண். பக்கத்தில் 'எஃப்-66' போல இருந்தால் 1966. சியர்ஸ் போன்ற கடைகளுக்காக அவர்கள் செய்தவற்றில் தலையில் கடையின் பிராண்டுப் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். அது எளிதில் அழியும், உள்முத்திரை தப்பிவிடும்.

1975-இல் ஹார்மனி மூடப்பட்டது. பிறகு அந்தப் பெயரில் வந்த இறக்குமதிக் கிடார்களுக்கும், ஜப்பானியக் கிடார்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.