பொங்கல் விளையாட்டு விழாவில் முதன்முறையாக ஓடப் போகிறவர்களுக்கு: சேலம் பகுதிக்கான செய்முறை விளக்கம்

சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கல் விளையாட்டு விழா பெரும்பாலும் மாட்டுப் பொங்கலன்றோ அதற்கு மறுநாளான கரிநாளிலோ நடைபெறும். மாரியம்மன் கோயில் திடல், அரசுப் பள்ளி மைதானம், நீர் வற்றிய ஏரியின் ஓர் ஓரம் ஆகியவற்றில் எது வாய்க்கிறதோ அதுவே அன்றைய விளையாட்டரங்கம். நகரத்தில் வளர்ந்து, மாமன் வீட்டுக்கோ நண்பரின் ஊருக்கோ பொங்கலுக்குச் செல்கிறவர்கள் வழக்கமாகச் செல்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்காமல் கோட்டில் இறங்கி ஓட விரும்புவோருக்காக, ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பிருந்து தொடங்கும் ஏற்பாடுகளை வரிசையாக எழுதுகிறேன். முழுநேர விளையாட்டு வீரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதல் படி: எந்தப் பிரிவில் ஓடலாம் என்று கேட்டறிதல்

விழாவை நடத்துவது பெரும்பாலும் ஊரின் இளைஞர் நற்பணி மன்றமோ ஊர்ப் பொதுமக்கள் சேர்ந்து அமைத்த குழுவோதான். மார்கழி பாதியிலேயே டீக்கடைச் சுவரில் துண்டறிக்கை ஒட்டப்படும். ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றும். அதில் உங்கள் கண் முதலில் தேட வேண்டியது “உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்” என்ற வரி. பல ஊர்களில் நூறு மீட்டர் ஓட்டமும் சிறுவர் போட்டிகளும் உள்ளூராருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். சாலை ஓட்டமும் கபடியும் பொதுப் பிரிவாக இருக்கும். விருந்தாளியாகச் சென்றவர் உள்ளூர்ப் பிரிவில் ஓடி எவர்சில்வர் குடத்தை வாங்கிக்கொண்டு போனால், உங்களை அழைத்துச் சென்ற மாமாவுக்குத்தான் மறுநாள் சங்கடம். ஆகவே அவர் வழியாகவே குழுவினரிடம் கேட்டுவிடுங்கள். ரொக்கப் பரிசு உள்ள ஓட்டங்களுக்கு வயதைச் சரிபார்க்க ஆதார் நகல் கேட்கக்கூடும். ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

வீட்டில் மாற்றுத்திறனாளி யாரேனும் விளையாட விரும்பினால், அவர்களுக்குத் தனிப் போட்டி உண்டா என்பதையும் இப்போதே கேளுங்கள்; இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு, சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர். அவர் பெயரைச் சொன்னால் குழுவினர் மறுக்கத் தயங்குவார்கள்.

இரண்டாம் படி: இரண்டே போட்டிகளைத் தேர்ந்தெடுத்தல்

துண்டறிக்கையில் நூறு மீட்டர், சாலை ஓட்டம், சாக்கு ஓட்டம், எலுமிச்சை கரண்டி, ஸ்லோ சைக்கிள், மியூசிக்கல் சேர், பானை உடைத்தல், கயிறு இழுத்தல், கபடி என்று வரிசை நீளும். எல்லாவற்றிலும் பெயர் கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டம், ஒரு கூட்டு விளையாட்டு என்று இரண்டு போதும் என்பது என் உறுதியான கருத்து. ஓட்டம் உங்கள் உடலைச் சோதிக்கும். கயிறு இழுத்தல் போன்ற கூட்டு விளையாட்டு உங்களை அந்த ஊர்க்காரர்களோடு சேர்த்துவிடும். போட்டிகள் குறித்த நேரத்தில் தொடங்குவது அரிது என்பதால், ஐந்தாறு பெயர் கொடுத்தவர் ஒன்றுக்கு உடலைச் சூடாக்கிவிட்டு மற்றொன்றுக்காக ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்து, கடைசியில் எதிலும் முழு வேகத்தைக் காட்ட முடியாமல் திரும்புவார்.

கபடியை முதல் ஆண்டில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓர் அணிக்கு 7 பேர், ஒரு பாடிப்போதலுக்கு 30 விநாடி என்று விதி எளிமையாகத் தெரிந்தாலும், பழகாதவர் பிடியில் சிக்கினால் தோள்பட்டையும் முழங்காலும் எளிதில் காயப்படும்.

மூன்றாம் படி: நான்கு வாரப் பயிற்சி

சாலை ஓட்டத்தின் தூரம் ஊருக்கு ஊர் மாறினாலும் 3 முதல் 5 கிலோமீட்டர் வரை ஓடப் பழகியிருந்தால் பெரும்பாலும் போதும். முதல் வாரம் 1 நிமிடம் மெதுவாக ஓடி 2 நிமிடம் நடப்பதை எட்டு முறை செய்யுங்கள். இரண்டாம் வாரம் 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. மூன்றாம் வாரம் 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. வாரத்துக்கு நான்கு நாட்களுக்கு மேல் வேண்டாம். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிச் சொற்கள் துண்டுபட்டால் வேகம் அதிகம் என்று பொருள். நான்காம் வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, நூறு மீட்டரில் ஓடப் போகிறவர்கள் மட்டும் 40 மீட்டர் விரைவோட்டம் நான்கைந்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் இதையெல்லாம் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பயிற்சியை இயன்றவரை மண்தரையில் செய்யுங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போன்ற ஏரிக்கரைகள், வீட்டருகே உள்ள பள்ளி மைதானம் ஆகியவை தார்ச்சாலையைவிட நல்லவை. போட்டியும் மண்ணில்தானே நடக்கப் போகிறது. அடிவாரத்துக்கு மேலே ஏற்காடு மலைச்சாலையில் ஓடிப் பழகலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் பேருந்து திரும்பும்போது ஓரத்தில் ஒதுங்க இடமே இருக்காது. புதியவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நாகலூர், செம்மநத்தம் போன்ற மலையூர் ஒன்றிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்திருந்தால் கணக்கு சற்று மாறும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே விகிதத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் குறையும். கீழே எளிதாக ஓடிய வேகம் மேலே இரண்டாவது நிமிடத்திலேயே மூச்சை அடைக்கும். ஆதலால் மலையில் முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட மெதுவாக ஓடுங்கள். ஏற்றத்தில் அடிகளைக் குறுக்கிக் கைகளை நன்றாக வீசுங்கள். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலைத் தரையில் குத்துவதைத் தவிருங்கள். மலைச் சரிவிலேயே ஏறி இறங்கிப் பழகிய பிள்ளைகள் உங்களைக் கடந்து போவார்கள். அவர்களைத் துரத்த வேண்டாம்.

நான்காம் படி: முந்தின நாளும் அன்றைய உணவும்

பொங்கலில் ஓடுபவருக்கு உண்மையான தடை நெய்ப்பொங்கலும் கறிக்குழம்பும்தான். விருந்தோம்பும் வீட்டில் “இன்னும் ஒரு கரண்டி” என்று அத்தை ஊற்றும்போது மறுப்பது எளிதன்று. ஓடி முடித்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் அவரும் எடுத்து வைத்திருப்பார். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். புதிய காலணியை அன்று முதன்முறையாக அணியக் கூடாது.

வெயிலுக்கென்று ஒரு குப்பியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரித்து எடுத்துச் செல்லுங்கள்: காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவை மாற்றாதீர்கள், உப்புக் கூடினால் தீங்கு.

ஐந்தாம் படி: திடலை நடந்து பார்த்தல்

தை மாதத்தில் இங்கே சூரியன் காலை 6.40 மணியளவில் எழும். பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும். பெயர்ப் பதிவு நடக்கும் பந்தலுக்கு ஏழு மணிக்குச் சென்றுவிட்டால், கூட்டம் சேரும் முன்பு திடலை ஒருமுறை முழுவதும் நடந்து பார்க்கலாம். புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் வேலை இதுதான். நூறு மீட்டர் என்று அறிவிக்கப்படும் தூரம் சில இடங்களில் யாரோ காலடியால் அளந்ததாக இருக்கும். தனித்தனி ஓடுபாதைக் கோடுகள் இருக்கமாட்டா. தொடக்கத்திலும் முடிவிலும் சுண்ணாம்புத் தூளால் ஒவ்வொரு கோடு, இடையில் வெறும் மண். ஏரித்தரையாக இருந்தால் மாட்டின் குளம்புக் குழிகள் காய்ந்து இறுகியிருக்கும். கணுக்கால் பிசகுவது அங்கேதான். வெறுங்காலுடன் ஓடும் எண்ணம் இருந்தால் நெருஞ்சி படர்ந்த பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் தரை சமமாக இருக்கிறது, முடிவுக்கோட்டுக்கு அப்பால் நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது, அங்கே கூட்டம் நெருக்குமா என்பதையெல்லாம் பார்த்து, எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவு செய்யுங்கள்.

ஒலிபெருக்கியில் உங்கள் போட்டியின் பெயரை அழைத்த பிறகு உடலைச் சூடாக்கத் தொடங்கினால் போதும். ஐந்து நிமிட மெல்லோட்டம், முழங்காலை இடுப்பளவு உயர்த்தி நடத்தல், காலை முன்னும் பின்னும் வீசுதல், இரண்டு குறும் விரைவோட்டங்கள்.

ஆறாம் படி: ஓட்டம்

நூறு மீட்டருக்கு, கைகளைத் தரையில் ஊன்றிப் புறப்படும் முறையை முன்பே பழகாதவர்கள் நின்றபடியே புறப்படுங்கள். வலுவான கால் முன்னே, அதற்கு எதிர்க் கை முன்னே, உடல் எடை முன்பாதத்தில் இருக்கட்டும். ஊதலுக்காகக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் அசைவதைப் பார்த்துப் புறப்பட்டால் இருவரும் திருப்பி அழைக்கப்படுவீர்கள். முதல் பத்து அடி குனிந்த நிலையிலேயே தள்ளி, பிறகு மெதுவாக நிமிருங்கள். முடிவுக்கோட்டில் இருவர் பிடித்திருக்கும் கயிற்றையோ நாடாவையோ கண்டதும் கால் தானாகத் தளரும். அதற்கு ஐந்து மீட்டர் அப்பால்தான் கோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடுங்கள்.

சாலை ஓட்டத்தில் ஊதல் ஒலித்தவுடன் பாதிப் பேர் நூறு மீட்டர் வேகத்தில் பாய்வார்கள். அவர்களை விட்டுவிடுங்கள், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவர்களில் பலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தலைசுற்றல், குளிர் நடுக்கம், குமட்டல், பேச்சுக் குழறல் இவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்தி, நிழலில் படுத்து, உடலை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். நினைவு தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர்கள் 108ஐ அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: கயிறு இழுத்தல்

பிற்பகலில் விழாவின் உச்சம் இதுவே. பல ஊர்களில் கல்யாணம் ஆனவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம். பன்னாட்டு விதிப்படி அணிக்கு 8 பேர், கயிற்றின் நடுக்குறியை 4 மீட்டர் இழுத்தால் வெற்றி. ஊரில் ஆள் கணக்கு இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றிருந்த விளையாட்டு இது என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள் உண்டு.

கையால் இழுப்பவர்கள் தோற்பார்கள். முழங்கையை நீட்டிய நிலையில் கயிற்றை உடலோடு அணைத்துப் பிடித்து, குதிகாலை மண்ணில் புதைத்து, பின்னால் சாய்ந்து, தொடையின் வலிமையால் சிறு சிறு அடிகளாகப் பின்வாங்க வேண்டும். அதைவிட முக்கியமானது எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுப்பது. ஒருவர் மட்டும் “ஐலசா” என்று குரல் கொடுக்கட்டும்; மற்றவர்கள் அந்தக் குரலுக்கு மட்டும் அசையட்டும். எதிரணி மூச்சு வாங்க விடும் இடைவெளியில் ஒரு சேர இழுத்தால், எடை கூடிய அணியும் நகரும். எடை மிக்கவரைக் கடைசியில் நிறுத்துங்கள். கயிற்றை ஒருபோதும் உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். கயிறு திடீரென இறுகும்போது விரல்கள் துண்டிக்கப்படும் அளவுக்குக் காயம் நேரலாம். மோதிரம், கைக்கடிகாரம், கைவளையம் அனைத்தையும் முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: சிரிப்புக்கான போட்டிகள்

இரண்டு போதும் என்று சொன்னேன். ஆனாலும் உறவுக்காரப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தால் மறுக்க முடியாது. சாக்கு ஓட்டத்தில் கோணியின் அடி மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு பாதத்தின் நுனியைச் செருகி, குதிக்காமல் சிறு அடி வைத்து ஓடிப் பாருங்கள். விழுவது பெரிதும் குறையும். எலுமிச்சை கரண்டியில் பழத்தைப் பார்க்காமல் முடிவுக்கோட்டைப் பார்த்து, மூக்கால் மூச்சு விட்டபடி நடக்க வேண்டும்.

பானை உடைத்தலில் கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிடுவார்கள். உள்காதில் உள்ள நீர்மம் நீங்கள் நின்ற பிறகும் சில விநாடிகள் சுழன்றுகொண்டே இருப்பதால், உடனே நடப்பவர் தவறாமல் பக்கவாட்டில் விலகுவார். கூட்டம் எவ்வளவு கூச்சலிட்டாலும் பதினைந்து எண்ணும் வரை அசையாமல் நில்லுங்கள். “இடது, வலது” என்று கூட்டத்தினர் சொல்வதில் பாதி வேண்டுமென்றே சொல்லும் பொய். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி இடம் மாறாது. கண் கட்டும் முன்பு அது எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்திருந்தால், அந்த ஒலியைத் தோளுக்கு நேரே வைத்துக்கொண்டு நடக்கலாம்.

ஒன்பதாம் படி: பரிசளிப்பும் திரும்புதலும்

சில ஊர்களில் அன்றோ மறுநாளோ, காளையைக் கயிற்றில் கட்டி ஆடவிடும் எருதாட்டமும் நடக்கும். ஓட்டத்தில் வென்ற மிதப்பில் கயிற்றுக்கு அருகே போகாமல், குழந்தைகளை அழைத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னாலோ உயரமான திண்ணையிலோ நின்று பாருங்கள்.

பரிசளிப்பு இருட்டிய பிறகே தொடங்கும். பரிசுப் பொருள் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும் வாசிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். எனக்கு ரொக்கத்தைவிட எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பிடிக்கும். பெயரும் ஆண்டும் பொறித்துக் கொடுத்தால் இன்னும் சிறப்பு. குழுவினருக்கு உங்களால் இயன்ற நன்கொடையைக் காலையிலேயே கொடுத்து இரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பகலிலேயே விசாரித்துவிடுங்கள்; பண்டிகை நாட்களில் வண்டிகள் குறையும். மலையூரிலிருந்து இருசக்கர வண்டியில் இறங்குவதாக இருந்தால் பனிமூட்டம் சூழும் முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

தொடைவலி அன்றிரவைவிட மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் கூடும். அந்த இரண்டு நாளும் படுத்தே கிடக்காமல் காலையும் மாலையும் இருபது நிமிடம் மெதுவாக நடந்தால் விரைவில் குறையும். ஒரு மூட்டு மட்டும் வீங்கியிருந்தாலோ கால் ஊன்ற முடியாவிட்டாலோ எண்ணெய் தடவி நீவ விடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.