விதைத் தேயிலை மாதிரி ஒரு கடல் முள்ளெலி: கிறிஸ்பரில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வீபி மலையில், அதாவது விதையில்லாமல் துண்டு வெட்டி நட்ட மலையில், டிஆர்ஐ 2025 என்ற தேயிலை இனம் நட்டிருந்தால் அத்தனை செடியும் ஒரே தாய்ச்செடியின் துண்டுகள்தான், ஆனால் பழைய விதைத் தேயிலை மலையில் பக்கத்துப் பக்கத்துச் செடியின் கொழுந்தே வேறு வேறாக இருக்கும். ஆய்வுகூட எலி வீபி என்றால், கடலில் பிடித்து வருகிற முள்ளெலி, அதாவது முள் போர்த்திய அந்த உருண்டைக் கடல்விலங்கு, விதைத் தேயிலை.

மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் முறையான கிறிஸ்பர் படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகள் முதலில் மறப்பது இதைத்தான். கலிபோர்னிய ஊதாக் கடல் முள்ளெலியின் மரபணுத்தொகுதி 2006இல் வெளியானது. அதைப் பார்த்து, வெட்டும் இடத்தைக் காட்டும் 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏ எழுதிவிட்டு நேராக முட்டைக்கு ஊசி போடப் போய்விடுகிறார்கள். அந்த இனத்திலோ ஒரே விலங்கில் தாய்வழி, தந்தைவழி வந்த இரண்டு பிரதிகளுக்கு நடுவிலேயே 100 டிஎன்ஏ எழுத்துக்கு ஏறத்தாழ 4, 5 மாறியிருக்கும்! வழிகாட்டி பொருந்தும் இடத்தை ஒட்டி வரவேண்டிய இரண்டு ஜி எழுத்துகளில் ஒன்று மாறியிருந்தாலே வெட்டும் புரதமான கேஸ்9 அங்கே வெட்டுவது அரிது. தயவுசெய்து உங்கள் தொட்டியில் இருக்கும் விலங்கின் அந்தத் துண்டையாவது வரிசைப்படுத்திப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

அடுத்தது, ஊசி போட்ட முட்டையிலிருந்து வந்த குடம்பி முழுவதும் மாறிவிட்டது என்று நம்புவது. கேஸ்9ஐ எம்ஆர்என்ஏவாக, அதாவது புரதம் செய்யச் சொல்லும் செய்தியாக மட்டும் கொடுத்தால் அது புரதமாவதற்குள் முட்டை பிரியத் தொடங்கிவிடும், அதனால் ஒரு கலத்தில் வெட்டு இருக்கும், பக்கத்துக் கலத்தில் இருக்காது. புரதத்தையே வழிகாட்டியோடு சேர்த்துச் செலுத்தினால் வெட்டு முந்தி விழும், ஆனாலும் கலப்பு முழுதாகப் போகாது. வெட்டு விழுந்த கலத்திலும் 3 எழுத்தோ 6 எழுத்தோ மட்டும் போயிருந்தால், மரபணு மூன்று மூன்று எழுத்தாகவே படிக்கப்படுவதால் மீதி குழம்பாது, புரதம் அநேகமாக வேலை செய்துகொண்டே இருக்கும்.

கை பழக, நிறத்துக்கு வேண்டிய பிகேஎஸ்1 மரபணுவில் தொடங்குங்கள், அதை வெட்டினால் குடம்பியின் சிவப்பு நிறம் போய்விடும், கண்ணாலேயே பார்க்கலாம். 2020இல் கணவாயில் முதன்முதலாக ஒரு மரபணுவை முடக்கியவர்களும் நிற மரபணுவைத்தான் எடுத்தார்கள்.

ஒப்பீட்டுக்கு ஊசியே போடாத முட்டைகளை மட்டும் வைக்காதீர்கள், ஊசி குத்துவதாலேயே கரு சாகும். வழிகாட்டி இல்லாமல் கேஸ்9 மட்டும் செலுத்திய ஒரு கூட்டமும் வேண்டும். சூடும் அப்படித்தான். இந்த முள்ளெலியின் கருவை 15 பாகை செல்சியஸ் அளவில், அதாவது கிட்டத்தட்ட நம் நுவரெலியாக் குளிரில் வளர்க்க வேண்டும். கொழும்பு வெயில் சூட்டில் விட்டால் கரு கோணிப்போகும், நீங்களோ மரபணுவை வெட்டியதால் கோணியது என்று எழுதிவிடுவீர்கள்.