பாயிண்டும் பணமும் சேர்த்து பிஸினஸ் கிளாஸ் சீட்டை ஏலம் கேட்பது எப்படி?

சிட்னியில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு ஊருக்குப் போகும் வழி சிங்கப்பூர்தான். சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம், அங்கிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம். டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டும் கவலையில் மூழ்கியிருக்கும்போது, கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். எகானமியில் இருக்கும் உங்கள் சீட்டை மேல் வகுப்புக்கு மாற்றிக்கொள்ள என்ன தருவீர்கள் என்று கேட்டிருப்பார்கள். இதற்கு 'பிட் நவ் அப்கிரேட்' என்று பெயர். பறந்தும் கடையில் வாங்கியும் கையில் சேர்ந்திருக்கும் குவான்டாஸ் பாயிண்டில் ஒரு பங்கு, பணத்தில் ஒரு பங்கு என்று சேர்த்து விலை சொல்ல வேண்டும்.

பலர் அந்த மின்னஞ்சலை விளம்பரம் என்று அழித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஆசையில் ஏதோ ஒரு தொகையைப் போட்டுவிட்டு, கார்டில் பணம் போன பிறகு யோசிக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில்: அழைப்பு உங்களுக்கு வருமா?

குவான்டாஸின் பாயிண்ட் திட்டமான ஃப்ரீக்வென்ட் ஃப்ளையரின் உறுப்பினர் எண் உங்கள் புக்கிங்கில் இருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்திருந்தால், புக்கிங்கில் ஏஜென்டின் மின்னஞ்சல் மட்டும் இருக்கலாம். அழைப்பு அவருக்குப் போய்ச் சேரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இணையத்தில் புக்கிங்கைத் திறந்து உங்கள் மின்னஞ்சலையும் உறுப்பினர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் எண் இருந்தாலும் பறப்பது வேறு நிறுவனத்தின் விமானம் என்றால், இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

குவான்டாஸ் மட்டும்தான் என்றில்லை. அபுதாபி வழியாகச் சென்னை போகிறவர்களுக்கு எதிஹாட் நிறுவனத்தில் மைலும் (அவர்களுடைய பாயிண்டுக்கு அதுதான் பெயர்) பணமும் சேர்த்துக் கேட்கும் முறை இருக்கிறது. கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு மலேசியா ஏர்லைன்ஸ் 'எம்எச் அப்கிரேட்' என்ற பெயரில் நடத்துகிறது. உலகில் பல விமான நிறுவனங்களுக்கு இந்த ஏலப் பக்கத்தைச் செய்து கொடுப்பது கனடாவின் மான்ட்ரியலில் இருக்கும் பிளஸ்கிரேட் என்ற ஒரே நிறுவனம். அதனால் ஓரிடத்தில் பழகிவிட்டால் மற்ற இடங்களிலும் தடுமாற்றம் இருக்காது.

இது ஏலமா, டெண்டரா?

ஏலம் என்று சொன்னாலும், மீன் சந்தையில் நடப்பது போல ஒருவர் ஐநூறு என்றதும் அடுத்தவர் அறுநூறு என்று கூட்டும் ஏலம் இல்லை இது. மூடிய உறையில் விலை எழுதிப் போடும் டெண்டர் மாதிரிதான். அடுத்தவர் என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாது. ஜெயித்தால் நீங்கள் எழுதிய தொகையை அப்படியே கட்ட வேண்டும். 400 டாலரே போதுமாக இருந்திருந்தாலும், 900 எழுதினால் 900 போகும். ஆகவே, மற்றவர்கள் என்ன கேட்பார்கள் என்று ஊகிப்பதைவிட, இந்தச் சீட்டு எனக்கு எவ்வளவு பெறும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் முக்கியம். மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்தப் பயணத்துக்குக் கேட்பது?

போக ஒன்று, வர ஒன்று என்று ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். இரண்டுக்கும் கேட்காதீர்கள். என் கருத்தில் படுத்துத் தூங்கும் பயணத்துக்கு மட்டும் கேட்டால் போதும். பகலில் கிளம்பி இரவில் இறங்கும் விமானத்தில் இரண்டு படம் பார்த்தால் பொழுது போய்விடும். சிங்கப்பூரில் மாலையில் ஏறி விடிகாலையில் சிட்னியில் இறங்கும் பயணம்தான் உடம்பை முறிக்கும். சென்னையிலிருந்து வந்த களைப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

விமானம் எது என்றும் பாருங்கள். குவான்டாஸின் ஏ380-இல் பிஸினஸ் சீட் 70, எகானமிக்கும் பிஸினஸுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமி 60. போயிங் 787-9 என்றால் 42-ம் 28-ம். ஏ330-இல் பிரீமியம் எகானமியே கிடையாது, பிஸினஸ் ஏறத்தாழ 28-தான். சீட் குறைந்தால் வாய்ப்பும் குறையும்.

காலி இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதே நாள், அதே விமானத்தில் ஒன்பது பேருக்கு பிஸினஸ் டிக்கெட் வாங்குவது போலத் தேடிப் பாருங்கள். ஒன்பது பேருக்கும் விலை காட்டினால் நிறைய இடம் இருக்கிறது. இரண்டு பேருக்கே 'இல்லை' என்றால் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். சீட் வரைபடத்தில் காலியாகத் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள், டிக்கெட் வாங்கிவிட்டுச் சீட் தேர்ந்தெடுக்காதவர்களும் இருப்பார்கள்.

உச்ச வரம்பு போடுங்கள்

இப்போது தாளை எடுங்கள். எளிய எண்களில் ஓர் உதாரணம். உங்கள் டிக்கெட்டில் இந்த ஒரு பயணத்தின் பங்கு 600 டாலர். அதே விமானத்தில் இன்று பிஸினஸ் டிக்கெட் 2,600 டாலர். வித்தியாசம் 2,000. நான் அந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை, அதாவது ஏறத்தாழ 660 டாலர். உங்கள் வசதிக்கும் உடம்புக்கும் ஏற்ப அது கூடலாம், குறையலாம். ஆனால் எண்ணைத் தாளில் எழுதிவிட்டு அப்புறம் பக்கத்தைத் திறங்கள். திறந்த பிறகு யோசித்தால், தொகையைக் கூட்டும் ஸ்லைடரை இன்னும் கொஞ்சம் நகர்த்தலாம் என்றுதான் கை போகும்.

பாயிண்டுக்கு விலை வையுங்கள்

மிக அதிகம் பேர் தவறுவது இங்கேதான். பாயிண்ட் சும்மா கிடைத்தது, போனால் போகட்டும் என்று நினைக்கிறார்கள். சும்மா கிடைக்கவில்லை. வூல்வொர்த்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் பாலும் வாங்கி, அவர்களுடைய எவ்ரிடே ரிவார்ட்ஸ் திட்டத்தில் 2,000 பாயிண்ட் சேர்த்தால், பில்லில் 10 டாலர் கழித்துக்கொள்ளலாம். அல்லது அதையே 1,000 குவான்டாஸ் பாயிண்டாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றினீர்கள் என்றால் 10 டாலரைக் கொடுத்து 1,000 பாயிண்ட் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு பாயிண்டின் அடக்க விலை ஒரு சென்ட். 20,000 பாயிண்ட் கொடுக்கிறேன் என்பது 200 டாலர் கொடுக்கிறேன் என்பதுதான்.

இப்போது ஏலப் பக்கத்துக்கு வருவோம். பெரும்பாலும் உங்கள் கேட்பு பலவீனமா, பலமா என்று காட்டும் ஒரு முள் இருக்கும். பாயிண்டைக் குறைத்துப் பணத்தைக் கூட்டியும், பணத்தைக் குறைத்துப் பாயிண்டைக் கூட்டியும் அந்த முள் ஒரே இடத்தில் நிற்கும்படி இரண்டு கேட்புகளைக் கண்டுபிடியுங்கள். உதாரணத்துக்கு:

20,000 பாயிண்ட் + 420 டாலர்
50,000 பாயிண்ட் + 180 டாலர்

முள் இரண்டிலும் ஒரே இடம். அப்படியானால் 30,000 பாயிண்ட் கூடுதலாகக் கொடுத்தால் 240 டாலர் மிச்சம். 240-ஐ 30,000-ஆல் வகுத்தால் பாயிண்டுக்கு 0.8 சென்ட். உங்களுக்கு ஒரு சென்ட் அடக்கமான பாயிண்டை 0.8 சென்டுக்கு விற்கிறீர்கள். வேண்டாம், பாயிண்டைக் குறைத்துப் பணத்தைக் கொடுங்கள்.

ஆனால் அதே பாயிண்ட் கிரெடிட் கார்டு போனஸாக மொத்தமாக வந்து, எதற்கும் பயன்படாமல் கிடக்கிறது என்றால் கணக்கு மாறும். அதைக் கொண்டுபோய் கிஃப்ட் கார்டாக மாற்றினால் ஒரு பாயிண்டுக்கு அரை சென்ட் அளவில்தான் தேறும். அப்படி வைத்திருப்பவருக்கு 0.8 சென்ட் நல்ல விலை. 18 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் குவான்டாஸ் பாயிண்ட் காலாவதியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் கேட்பின் உண்மையான செலவு 420-ம் 200-ம் சேர்ந்து 620 டாலர். தாளில் எழுதிய 660-க்குள் இருக்கிறது. சரி, கேட்கலாம்.

கேட்பைப் போடுவது

பக்கம் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகையில் நிற்காதீர்கள். பலரும் அங்கேதான் நிற்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஒன்றிரண்டு படி மேலே போனாலே அந்தக் கூட்டத்தை விட்டு விலகிவிடுவீர்கள். முள் கடைசிவரை போக வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அது வாய்ப்பைக் காட்டுகிறதே தவிர, வாக்குறுதி தருவதில்லை.

அடுத்து, திரையில் காட்டும் தொகை ஒரு ஆளுக்கானது. அம்மாவைச் சிட்னிக்கு அழைத்து வந்தபோது, வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் பணம் மட்டும் கொடுத்துக் கேட்டேன். ஒரே புக்கிங்கில் இரண்டு பேர். ஒருவருக்கு மட்டும் கேட்க வழியில்லை, கொடுத்தால் இருவருக்கும் கொடுப்பார்கள். 310 என்று பார்த்த எண் கடைசிப் பக்கத்தில் 620 ஆகி நின்றது. ஒரு நிமிடம் கை தயங்கியது. அம்மாவின் முழங்காலை நினைத்து அழுத்தினேன், கிடைத்தது. இரவு முழுக்க கால் நீட்டித் தூங்கினார். இறங்கும் முன் போர்வையை வீட்டில் மடிப்பது போல நான்காக மடித்து சீட் மேல் வைத்துவிட்டுத்தான் எழுந்தார். பெரியவரை மட்டும் மேலே அனுப்ப விரும்பினால், டிக்கெட் எடுக்கும்போதே அவருக்குத் தனி புக்கிங் போடுங்கள்.

கார்டு எண் கொடுத்து உறுதி செய்த பிறகும், கெடு முடியும்வரை கேட்பைத் திருத்தலாம், விலக்கிக்கொள்ளலாம். அந்தக் கெடு எப்போது என்று பக்கத்தின் அடியில் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கப்பட்டுவிட்டால் பணம் திரும்ப வராது.

கிடைத்தால்

முடிவு பெரும்பாலும் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னால் வரும். வந்தவுடன் சீட்டைப் பாருங்கள். நீங்கள் முன்பு தேர்ந்தெடுத்த சீட் போய்விட்டிருக்கும், புதிய வகுப்பில் மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். சைவச் சாப்பாடு சொல்லியிருந்தால் அதையும் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வியே அதுதான்.

பெட்டியின் எடை வரம்பு கூடுமா, லவுஞ்சுக்குள் விடுவார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேலே போகிறோம் என்று நம்பி கூடுதல் கிலோ கட்டிவிடாதீர்கள், விதிகளைப் படித்த பிறகு கட்டுங்கள். குவான்டாஸில் பாயிண்டும், உறுப்பினர் தகுதியை உயர்த்தும் ஸ்டேட்டஸ் கிரெடிட்டும் நீங்கள் முதலில் வாங்கிய எகானமி டிக்கெட்டின்படிதான் சேரும். சிங்கப்பூரில் மாறி ஏறும் சென்னை விமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே பழைய சீட்தான்.

கிடைக்காவிட்டால்

கார்டில் பணம் எடுக்க மாட்டார்கள், பாயிண்டும் அப்படியே இருக்கும். அன்றே புக்கிங்கைத் திறந்து உங்கள் எகானமி சீட் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே போனவர்கள் விட்டுச்சென்ற நடைபாதை ஓரச் சீட்டுகள் அந்த நேரத்தில்தான் காலியாகும்.